பெண்கள் தூக்கிய நாற்காலி

என் கணவர் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட வருடத்தில்தான் டீச்சர் வீட்டு ஷெட்டுக்கு முதல்முறையாகப் போனேன். கணவர் வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் வேலையில் இருந்தார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, நடக்கப் பழக ஒரு வாக்கர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். குன்னூரில் நான் வேலை பார்க்கும் தேயிலை புரோக்கர் ஆபீசில் பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்:

"ஏனுங்கக்கா, ரெண்டு மாசத்துக்கு எதுக்குக் காசு குடுத்து வாங்கறீங்க? மேல அந்த ரிட்டயர்டு டீச்சர் ஊட்டு கார் ஷெட்டுல போய்க் கேளுங்க. சும்மாவே குடுக்கறாங்க."

சும்மா கொடுக்கிறார்கள் என்றால் எனக்குப் பயம். சும்மா கொடுக்கிறவர்கள் முன்னால் நின்று நம் கஷ்டத்தை எல்லாம் சொல்ல வேண்டியிருக்கும். அன்று மாலை மேடேறும்போதே என்னென்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிச் செலவு, பெண்ணின் காலேஜ் ஃபீஸ், எல்லாம். டீச்சர் கதவைத் திறந்தார். எழுபதைத் தொட்ட வயது, குள்ளமான உருவம், காலில் கம்பளி சாக்ஸ். வாக்கர் வேண்டும் என்றதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவர் எவ்வளவு உயரம்?"

நான் என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன். ஷெட்டுக்குள் போய் ஒரு வாக்கரை எடுத்து, அதன் கால்களை அந்த உயரத்துக்கு இழுத்துப் பூட்டி, என் கையில் கொடுத்தார். வேறொன்றும் கேட்கவில்லை. நான் தயார் செய்து வைத்திருந்த கதையைச் சொல்ல வாய்ப்பே கிடைக்காமல் இறங்கி வந்தேன். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது ஷெட்டில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் வெலிங்டனில் இருக்கும் ஒரு மேஜரின் மனைவி. மற்றவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் முதலாளியின் மனைவி, அர்ஜென்டினாவிலிருந்து வந்தவர், நல்ல உயரம். தொழிலாளர்கள் அவரைத் தொரசாணி என்று கூப்பிடுவார்கள். அவரும் அதை ஒரு பட்டமாக நினைத்துச் சிரித்துக்கொள்வார். மூவரும் நோயாளிகளைப் படுக்கவைக்கும் ஒரு வாட்டர் பெட்டில் ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து தேடினேன். ஓட்டையை யார் கண்டுபிடித்தோம் என்று நினைவில்லை. அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் மூவரும் யூதர்கள் என்பது எனக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஷெட் பூட்டியிருக்கும் என்பதால், ஏதோ சனிக்கிழமை சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கொச்சியில் பிறந்தவர். சொந்தபந்தம் எல்லாம் இஸ்ரேலுக்குப் போய்விட, இங்கே கான்வென்ட்டில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்ததால் தங்கிவிட்டவர். மேஜர் வீட்டம்மா மராட்டியக் கடற்கரையில் பரம்பரையாக வாழும் யூதக் குடும்பம். மூவருக்கும் மூன்று தாய்மொழி. வெள்ளிக்கிழமை மாலை டீச்சர் வீட்டில் சேர்ந்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அதற்கான பிரார்த்தனையில் மட்டும் மூன்று வாயிலிருந்தும் ஒரே சொற்கள் வரும்.

"கூட்டமா ஜெபம் பண்ணணும்னா எங்களுக்குப் பத்து ஆம்பளைங்க வேணும்," என்றார் டீச்சர் ஒருநாள். "இந்த மலையில நான் எங்க போய்ப் பிடிக்கறது? இரவல் குடுக்க அந்தக் கணக்கெல்லாம் இல்ல. ஒரு ஷெட் மதி."

மதி என்றால் போதும். ஐம்பது வருடம் தமிழ் பேசியும் அந்த ஒரு மலையாளச் சொல்லை அவர் விடவில்லை.

யூதர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இப்படி ஒரு இரவல் வீடு வைப்பார்களாம். அதற்குக் கெமாக் என்று பெயர். ஒரு வீட்டில் தொட்டில், இன்னொரு வீட்டில் கல்யாண உடுப்பு, வேறொரு வீட்டில் பெரிய பாத்திரங்கள் என்று யாரிடமாவது இருக்கும். வேண்டியவர்கள் வாங்கிப்போய்த் திருப்பித் தருவார்கள். "தர்மம்னா வாங்கறவங்க குனியணும். இரவல்ல அது இல்ல. நாளைக்கு நானும் உங்க ஊட்டுக்கு வந்து ஏணி கேப்பேன்," என்றார். கேட்கவும் செய்தார். எங்கள் வீட்டு ஏணி மூன்று வாரம் அவரிடம் இருந்தது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச், பெண்கள் ஐக்கியம் எல்லாம் உண்டு. அங்கேயும் ஏழைகளுக்குச் செய்வோம். கிறிஸ்துமஸுக்குப் போர்வை கொடுக்கும்போது வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுப்போம். அதில் தப்பு இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. இப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு, அந்தப் படங்களில் என் பார்வை போர்வை வாங்குகிறவர்களின் முகங்களுக்குப் போனது.

கண்டியம்மாவின் விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. மேஜர் வீட்டம்மாவுக்குத் தெரிந்த யாரோ சென்னையிலிருந்து சக்கர நாற்காலிகள் அனுப்பியிருந்தார்கள். புத்தம் புதுசு. அதில் ஒன்றைக் கோத்தகிரி ரோட்டுக்குக் கீழே இருக்கும் எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு அம்மாவுக்குக் கொடுத்திருந்தோம். சிறுவயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் கண்டியம்மா. சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகள் கொழுந்து பறிக்கப் போவாள். தாயும் மகளும் மட்டும்தான்.

சில மாதம் கழித்து நானும் மேஜர் வீட்டம்மாவும் போய்ப் பார்த்தோம். சக்கர நாற்காலி வாசல் கூரைக்கடியில் நின்றது. அதன் முதுகில், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா காய்ந்துகொண்டிருந்தது. உட்காரும் இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மேஜர் வீட்டம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததை மறைக்கப் பாடுபட்டேன். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கண்டியம்மா எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க தாயி. நாக்காலி நல்ல நாக்காலிதான். இத வச்சு எங்க உருட்டுறது, சொல்லுங்க. வாசலத் தாண்டுனா படி. ஏறுனாலும் படி, எறங்குனாலும் படி."

திரும்பிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து நாங்கள் இறங்கி வந்த வழி தேயிலைச் செடிகளுக்கு நடுவே செங்குத்தாக நின்றது. அதில் இறங்கி வரும்போது நானே இரண்டு இடத்தில் செடியைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி கொடுத்த நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. இந்த மலையில் பாதிப் பேர் வீட்டுக்கு ரோடு கிடையாது, என் வீட்டையும் சேர்த்து.

"அப்போ உங்களுக்கு என்னங்கம்மா வேணும்?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "மேல ரோட்டுக்குப் போவணும். அந்த டீக்கடை பெஞ்சில குந்தி ஒரு டீ குடிக்கணும். பஸ்ஸு போறதப் பாக்கணும். ரெண்டு வருசமா இந்தச் செவத்தையே பாத்துக்கிட்டிருக்கேன் தாயி. ஆஸ்பத்திரிக்கு அவசரம்னா யாராச்சும் முதுகுல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவாங்க. டீ குடிக்கத் தூக்குங்கன்னு யார்கிட்ட கேக்கறது?"

அந்த வாரம் ஷெட்டில் வாக்குவாதம். மேஜர் வீட்டம்மா நல்ல மனசுக்காரர், ஆனால் எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்க, டீ குடிக்க ஒருவரைத் தூக்கிப்போவதற்கு ஏற்பாடு செய்வதா என்று கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தொரசாணி இரண்டு தரப்புக்கும் ஆமாம் என்று தலையாட்டினார்.

டீச்சர் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார். "வாக்கர் கேட்டு வர்றவங்ககிட்ட, எங்க நடக்கப் போறீங்கன்னு நாம கேக்கறதில்ல. அவங்க சர்ச்சுக்குப் போவாங்க, சினிமாவுக்கும் போவாங்க. நம்மகிட்ட நாக்காலி இருக்கா, இல்லையா? கேள்வி அது மதி."

தூக்கிச் செல்லும் நாற்காலி ஒன்று செய்வது என்று முடிவானது. பழைய பிரம்பு நாற்காலியின் இரு பக்கமும் நல்ல மூங்கிலாகப் பார்த்துக் கட்டினோம். தொரசாணி தன் எஸ்டேட்டிலிருந்து நான்கு ஆட்களை அனுப்பினார். எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் கூடப் போனேன்.

நாற்காலியைக் கொண்டுபோய் வாசலில் வைத்ததும் கண்டியம்மாவின் முகம் மாறிவிட்டது. மூங்கிலைப் பார்த்தார். நான்கு ஆண்களைப் பார்த்தார். கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏலாது. நான் வரல்ல."

"ஏம்மா, நீதான கேட்ட?" என்றாள் மகள்.

"கேட்டேன். இது பாடை புள்ள. மூங்கில், நாலு ஆம்பள. இந்தப் படியில இப்பிடிப் போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? ஒங்கப்பன் போனாரு. பக்கத்து லயத்துக் கெழவன் போனான். நான் இன்னும் சாவல்ல."

பக்கத்து வீடுகளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வந்திருந்த ஆண்களில் மூத்தவர் மூங்கிலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "சரிதானுங்க. எனக்கும் மனசு ஒப்பல," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவர்கள் திரும்பிப் போனார்கள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். கண்டியம்மா அழுதுகொண்டிருந்தார். ரோட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அந்த அழுகையில் அப்படியே இருந்தது.

மகள்தான் கேட்டாள். அவள் எரிச்சலில் கேட்டது அது. "ஆம்பளைங்க தூக்குனா பாடைங்கற. நாங்க தூக்குனா வருவியா?"

கண்டியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "பொம்பளைங்களா?" மகளையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பொம்பளைங்க பாடை தூக்க மாட்டாங்களே. அப்ப அது பாடை இல்ல."

சட்டம் பேசும் வக்கீலைப்போலச் சொன்னார். அழுகை நின்றுவிட்டது. "ஆனா மூங்கில் வேணாம்."

மூங்கிலை எடுத்துவிட்டு வெல்டிங் கடையில் இரும்புக் குழாய் வைத்துச் செய்தோம். உட்காருகிறவர் சரியாமலிருக்க டீச்சர் தன் பழைய கார் சீட்டு பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார். தூக்குவதற்கு மகள், அவளோடு கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள், தொரசாணி, மேஜர் வீட்டம்மா, நான். ஒரு நேரத்தில் நான்கு பேர், களைத்தால் மாற்றிக்கொள்ள இரண்டு பேர். மேஜர் வீட்டம்மா முதலில் எதிர்த்தவர் என்பதை அவரே மறந்துவிட்டதுபோல, முழங்கால் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கொழுந்துக்காரப் பெண்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். நான் அன்றைக்கும் சர்ச்சுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்ட கணவரிடம், வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தூக்கியபோது என் தோளில் இறங்கிய கனம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஆபீசில் பேனா பிடித்த கை. முன்னால் இருப்பவர்கள் தாழ்த்திப் பிடிக்க, பின்னால் இருப்பவர்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டும். அப்போதுதான் நாற்காலி மட்டமாக இருக்கும். நான் பின்னால் இருந்தேன். முதல் வளைவு வந்தது. "அக்கா, மூச்சு விடுங்க, அடக்காதீங்க," என்றாள் பக்கத்தில் குழாயைப் பிடித்திருந்த பெண். அப்போதுதான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

கண்டியம்மா ஒற்றைச் செருப்புக் காலை மிதியில் ஊன்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் ஏறிய பிறகு கண்ணைத் திறந்தார். படி இடதுபக்கம் திரும்பும்போது அவரும் இடதுபக்கம் சாய்ந்துகொடுத்தார். அந்த ஒரு அசைவில் எங்கள் எல்லோருக்கும் சுமை குறைந்தது. டீச்சர், பெஞ்சில் போட ஒரு தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். தூக்க முடியாதவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம். வந்தார்.

டீக்கடைப் பெஞ்சில் இறக்கி உட்காரவைத்தோம். கடைக்காரர் ஓடிவந்து மேசையைத் துடைத்தார். கூடலூர் பஸ் ஒன்று போனது. சுற்றுலா வேன் ஒன்றிலிருந்து சிறு பிள்ளைகள் கை காட்டினார்கள். கண்டியம்மா கை காட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். டீ வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி பத்தாது," என்றார். மகள் முறைத்தாள். கடைக்காரர் தயங்கினார். "இன்னைக்கு மட்டும் விடு புள்ள," என்றார் தாய். மகள் வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள். சீனி வந்தது.

எதிரில் புதிதாக வந்திருந்த செல்போன் கடையையும், வெட்டப்பட்டுவிட்ட ஒரு மரம் இருந்த இடத்தையும் அவர் நெடுநேரம் பார்த்தார். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். "எறங்கி வந்து பாக்கணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேனுங்க," என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர் எல்லோரிடமும், "அதுக்கென்ன, நான் ஏறி வந்துட்டேன்ல," என்றார்.

பெஞ்சின் இன்னொரு முனையில் டீச்சரும் நானும் உட்கார்ந்திருந்தோம். என் தோள் எரிந்தது. டீச்சர் சொன்னார், ஓய்வுநாளான சனிக்கிழமையில் சுமை தூக்கக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி உண்டாம். உயிரோடு இருக்கும் மனிதரைத் தூக்கினால் அது சுமையில் சேருமா என்று அவர்களுடைய பழைய பண்டிதர்கள் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்களாம். உயிர் இருப்பவர் தன் எடையில் ஒரு பங்கைத் தானே சுமந்துகொள்கிறார் என்று ஒரு கட்சி வாதாடியதாம்.

"சின்ன வயசுல எங்கப்பா சொன்னப்ப, சும்மா விதண்டாவாதம்னு நெனச்சேன்," என்றார்.

நான் அந்த வளைவில் கண்டியம்மா சாய்ந்துகொடுத்ததைச் சொன்னேன். டீச்சர் தன் டீயை முடித்தார்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு கண்டியம்மாவை மேலே கொண்டுவந்தோம். எல்லா வாரமும் வேண்டும் என்று கேட்டார். எங்களால் முடியவில்லை. அதை அவர் வருத்தமாகவே எடுத்துக்கொண்டார். ஒருமுறை, "சும்மா ஆசை காட்டிட்டீங்க," என்று கோபித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நன்மை செய்கிறோம் என்று நினைப்பவர்களுக்கு இது கேட்கப் பிடிக்காத வார்த்தை. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் எங்களிடம் கோபப்பட முடிந்தது என்பதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் ஐக்கியத்தில் போர்வை வாங்கியவர்கள் யாரும் எங்களைக் கோபித்ததில்லை.

அடுத்த வருடத்துத் தென்மேற்கு மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, இறந்துபோனார். அந்தப் படிகளில் ஆண்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை கொட்டியது. பெண்கள் நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நாம தூக்க முடியாதேக்கா," என்றாள். முடியாது என்று நானும் சொன்னேன். ஒருவேளை முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் தூக்கியிருப்போமோ என்னவோ. அன்றைக்கு அந்தத் தைரியம் யாருக்கும் இல்லை.

மேஜருக்கு மாற்றல் வந்து அவர் மனைவி வடக்கே போய்விட்டார். சக்கர நாற்காலிகள் சமதளமான ஒரு முதியோர் இல்லத்தில் உருண்டுகொண்டிருக்கின்றன. வெள்ளிக்கிழமை மெழுகுவத்திக்கு இப்போது டீச்சரும் தொரசாணியும் மட்டும். ஆனால் தூக்குவதற்கு ஆள் கூடியிருக்கிறது. கண்டியம்மாவின் மகள் தன் லைனிலிருந்து மூன்று பெண்களைச் சேர்த்துவிட்டாள். எங்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஷெட்டுக்கு யூதப் பெயர் ஒன்று இருப்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டீச்சர் அதைச் சொல்லிக்கொள்வதும் இல்லை.

போன மாதம், ரிட்டயர்டான பஸ் டிரைவர் ஒருவரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக மேலே ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. முடக்குவாதத்தில் இரண்டு முழங்காலும் மடங்காதவர். நல்ல பாரியான ஆள். நாங்கள் நாற்காலியோடு போய் நின்றதும் கூனிக்குறுகிப் போனார்.

"ஏனுங்க, பொம்பளைங்க நீங்க தூக்கி, நான் உக்காந்துட்டு வர்றதா? நாலு பேர் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "இத்தன நாளா பாத்ரூமுக்கு யாரு தூக்கிட்டுப் போறாங்களாம்? அப்பவெல்லாம் வெக்கமில்லையாக்கும்."

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் வளைவு வரைக்கும் தலையைக் குனிந்தே இருந்தார். இரண்டாவது வளைவில் நாற்காலி ஒருபக்கம் சாய்ந்ததும் தாங்கவில்லை. "ஒடிக்காதீங்க, ஒடிக்காதீங்க! அகலமா எடுங்க. பின்னாடி இருக்கறவங்க மெதுவா," என்று ஆரம்பித்தவர் ரோடு வரும் வரைக்கும் நிறுத்தவில்லை. அவர் சொன்னபடி எடுத்தபோது உண்மையாகவே சுலபமாக இருந்தது. மேலே வந்து சேர்ந்தபோது எங்களைவிட அவருக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது.

மறு ஞாயிறு வேறொரு வீட்டுக்குப் போக ஷெட்டில் கூடியிருந்தோம். அவர் மனைவி வந்து வாசலில் நின்றார், புடவையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, எந்தப் பக்கக் குழாயைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்.